தொழில் தேர்தலும் தன்வலி அறிதலும்

மகன் என்ன தொழில் செய்வான் என்னும் கேள்வி பழங்காலத்துக் குடும்பங்களில் பெரும்பாலும் எழுந்ததில்லை. தச்சன் மகன் தச்சன் ஆனான். குயவன் மகன் குயவன் ஆனான். உழவன் மகன் ஏரைப் பிடித்தான். தொழிலோடு அத்தொழிலுக்கு வேண்டிய துணிவும் தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்கு வந்து சேர்ந்தது. உளி பிடிக்க நம்மால் ஆகுமா என்று தச்சன் மகன் ஐயுறுவதற்கு இடமில்லை. அவன் நடை பழகியதே மரத்தூளின் மேல்தான். ஆனால், அதே ஏற்பாடு மற்றொன்றையும் செய்தது. கணக்கில் கூர்மை படைத்த குயவன் மகனையும் சக்கரத்தோடு கட்டிப் போட்டது. பெண்ணை அடுக்களையோடு நிறுத்தியது. துணிவைத் தந்த கைதான் கதவையும் அடைத்தது.

ஆலைகளும் இரயில் பாதைகளும் பெருநகரங்களும் தோன்றிய பின்னர் அப்பழைய கட்டுத் தளர்ந்தது. தந்தை அறியாத தொழில்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. ‘நான் என்ன தொழில் செய்வேன்?’ என்னும் கேள்வி ஒவ்வோர் இளைஞன் முன்னும் வந்து நின்றது. அக்கேள்விக்கு அடியில் மற்றொரு கேள்வி ஒளிந்திருந்தது. ‘எதிர்ப்படும் சிக்கலைத் தீர்க்க என்னால் ஆகுமா?’ என்பதே அது. முதற்கேள்வியை அறிஞர்கள் 1908-ஆம் ஆண்டு முதலே முறையாக ஆராயத் தொடங்கினர். அடியில் கிடந்த கேள்வியோ ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்தே அவர்கள் கண்ணுக்கு முழுமையாகப் புலப்பட்டது. இவ்வளவு காலம் தாழ்த்ததன் காரணத்தையும், கண்டறிந்தபின் விளைந்த பயனையும் இக்கட்டுரையில் காண்போம்.

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘வலியறிதல்’ என ஓர் அதிகாரத்தை வகுத்தார். அது அரசனை நோக்கியது. இற்றைநாளில் பள்ளிப் படிப்பை முடித்து வெளிவரும் ஒவ்வொரு பிள்ளையும் தன்னளவில் அந்த அரசனின் நிலையில் நிற்கிறது. தன் வலியைத் தான் அறிவது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

பாஸ்டன் நகரில் ஒரு தொடக்கம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பாஸ்டன் நகரில் ‘நார்த் எண்டு’ என்றொரு பகுதி உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்து குடியேறிய ஏழை மக்கள் அங்கு நெருங்கி வாழ்ந்தனர். அவர்களுடைய பிள்ளைகள் இளவயதிலேயே பள்ளியை விட்டு நீங்கினர். கண்ணிற் பட்ட முதல் வேலையைப் பற்றினர். சில திங்களில் அதனை விட்டு வேறொன்றைப் பற்றினர். அம்மக்களின் நலம் கருதி 1901-ஆம் ஆண்டில் அங்குக் குடிமைத் தொண்டு இல்லம் ஒன்று நிறுவப்பட்டது. பகலில் உழைத்தோர்க்கு அங்கு மாலையில் வகுப்புகள் நடந்தன.

அந்த இல்லத்தில் 1908-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 13-ஆம் நாள் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் ஆலோசனை நிலையம் ஒன்றைத் திறந்தார். தொழிலைத் தேர்ந்துகொள்ள இளைஞர்க்கு முறைப்படி அறிவுரை கூறுதலே அதன் பணி. இன்று உலகெங்கும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நடைபெறும் தொழில் வழிகாட்டலுக்கு அதுவே தாய்வீடு என்பர். அவ்வாண்டு மே முதல் நாள் அவர் அளித்த அறிக்கையின்படி, அதற்குள் எண்பது ஆடவரும் மகளிரும் அங்கு வந்து அறிவுரை பெற்றிருந்தனர்.

பார்சன்ஸின் வாழ்க்கையே தொழில் தேடி அலைந்த ஒரு கதையாகும். 1854-ஆம் ஆண்டு பிறந்த அவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் கற்று 1873-இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டே அமெரிக்காவைப் பெரும் பொருள்முடை தாக்கியது. அவர் பணியாற்றிய இரயில் நிறுவனம் நொடித்துப் போயிற்று. பொறியியல் பட்டம் பெற்றவர் இரும்பாலையில் கூலியாளாக உழைத்தார். பின்னர்ப் பள்ளி ஆசிரியரானார். அதன்பின் சட்டம் பயின்று வழக்குரைஞர் தகுதி பெற்றார். உடல்நலம் குன்றியதால் நியூ மெக்சிகோ சென்று சில ஆண்டுகள் தங்கித் தேறினார். திரும்பி வந்து சட்ட நூல்கள் எழுதினார். பாஸ்டன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் விரிவுரை நிகழ்த்தினார். 1895-ஆம் ஆண்டு நகரத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றார். இவ்வாறு பல துறைகளிலும் புகுந்து புறப்பட்டவர்தாம் ஐம்பத்து மூன்றாம் வயதில் பிறர்க்கு வழிகாட்ட அமர்ந்தார். அந்தப் பணியிலும் அவர்க்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் அவர் இறந்தார். ‘தொழிலைத் தேர்ந்தெடுத்தல்’ என்னும் அவருடைய நூல் மறு ஆண்டு, 1909-இல், வெளிவந்தது.

அந்நூல் வகுத்த நெறி மூன்று கூறுகளை உடையது. முதலாவது, ஒருவன் தன் திறமை, விருப்பம், குறைபாடு ஆகியவற்றைத் தெளிவாக அறிதல். இரண்டாவது, பல்வேறு தொழில்களின் தேவைகள், ஊதியம், வாய்ப்புகள் ஆகியவற்றை அறிதல். மூன்றாவது, இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்து நேரிய முறையில் சிந்தித்து முடிவு செய்தல். நூறாண்டு கடந்தும் இம்மூன்று கூறுகளையும் தள்ளிவிட எவராலும் இயலவில்லை.

எனினும் அதில் ஓர் ஓட்டை இருந்தது. தன்னை நாடி வந்த இளைஞனிடம் பார்சன்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகளைக் கேட்டார். நேர்மையாக விடையளித்தால் உண்மை வெளிப்படும் என்று நம்பினார். தலையின் வடிவையும் முகக்குறியையும் கூடக் கூர்ந்து நோக்கினார். அக்காலத்தார் பலர்க்கு அதில் நம்பிக்கை இருந்தது. ஆனால், நேர்மையாகவே விடையளிக்கும் ஒருவன் தன்னைப் பற்றித் தவறாகக் கருதிக்கொண்டிருந்தால் என் செய்வது? ‘எனக்குக் கணக்கு வாராது’ என்று ஒரு பிள்ளை கூறினால் அது பொய்யன்று. அது உண்மை என்றும் கொள்ளுதற்கில்லை. மூன்றாவது கூறாகிய சிந்தனைக்கும் இதே இடர் உண்டு. தன் சிந்தனையில் நம்பிக்கையற்றவன் முன் எத்தனை தகவல்களைக் கொண்டு வந்து குவித்தாலும் அவன் முடிவுக்கு வாரான்.

அளவுகோல்களின் காலம்

பார்சன்ஸுக்குப் பின் அப்பணி தழைத்தது. 1913-ஆம் ஆண்டு தொழில் வழிகாட்டலுக்கென ஒரு தேசியச் சங்கம் அமெரிக்காவில் அமைந்தது. இளைஞனின் சொல்லை மட்டும் நம்புவது போதாது என்று கருதிய அறிஞர்கள் அளவுகோல்களைத் தேடினர்.

அளவுகோல் பிரான்சு நாட்டிலிருந்து வந்தது. 1905-ஆம் ஆண்டு ஆல்பிரெட் பினே என்பவரும் சீமோன் என்பவரும் அறிவுத்திறனை அளக்கும் சோதனை ஒன்றை வகுத்தனர். பள்ளியில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டறிந்து உதவுவதே பினேயின் நோக்கம். அறிவு என்பது பிறவியிலேயே அறுதியிடப்பட்டது, பயிற்சியால் வளராதது என்னும் கொள்கையை அவர் 1909-இல் எழுதிய நூலில் கடுமையாக மறுத்தார். ஆனால், கருவி கடல் கடந்தது. கருத்துக் கரையிலேயே நின்றுவிட்டது. முதல் உலகப் போரில் அமெரிக்கா 1917-இல் இறங்கியபோது படையிற் சேர்ந்த 17 இலட்சத்திற்கு மேற்பட்ட ஆடவர்க்கு அறிவுச் சோதனை நடத்தப்பட்டது. எழுத்தறிந்தோர்க்கு ஒருவகை, எழுத்தறியாதோர்க்கும் ஆங்கிலம் அறியாதோர்க்கும் மற்றொரு வகை என இரு வகைத் தாள்கள் இருந்தன. புதிதாகக் குடியேறியோர் குறைந்த மதிப்பெண் பெற்றனர். அமெரிக்க வாழ்க்கை முறையை அறிந்தோர்க்கே எளிதில் விளங்கும் வினாக்கள் பல அவற்றில் இருந்தன என்பதை எண்ணாமல், அவ்வினத்தார் பிறவியிலேயே அறிவு குன்றியோர் என்று கார்ல் பிரிகாம் என்னும் உளநூலார் 1923-இல் ஒரு நூல் எழுதினார். அம்முடிவு செல்லாது என்று அவரே 1930-இல் அறிவித்தார். இடைப்பட்ட ஏழாண்டுகளில் அந்த எண்கள் செய்த தீங்கை அவ்வறிவிப்பால் திருப்பி வாங்க இயலவில்லை.

மற்றோர் அளவுகோல் விருப்பத்தை அளந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்டு ஸ்டிராங் 1927-இல் வெளியிட்ட வினாத்தாள் அது. ஒருவனுடைய விருப்பு வெறுப்புகள் எந்தத் தொழிலில் நிலைபெற்றோரின் விருப்பு வெறுப்புகளை ஒத்திருக்கின்றன என்று அது காட்டியது. 1933-இல் மகளிர்க்கெனத் தனித் தாள் ஒன்று வந்தது. ஆடவர் தாளும் மகளிர் தாளும் ஒன்றாக இணைந்தது 1974-ஆம் ஆண்டில்தான். நாற்பது ஆண்டுகள் பெண்ணின் விருப்பமும் ஆணின் விருப்பமும் இருவேறு முழக்கோலால் அளக்கப்பட்டன என்பதை வாசகர்கள் நினைவில் கொள்க.

திறனை அளந்தாயிற்று, விருப்பத்தையும் அளந்தாயிற்று. திறனும் விருப்பமும் உடைய ஒருவன் ஏன் அத்தொழிலை நாடாமல் விலகிப் போகிறான் என்னும் கேள்விக்கு மட்டும் விடை கிட்டவில்லை.

சிக்கல் தீர்க்கும் நெறி

இதனிடையே கல்வித்துறையில் வேறொரு நீரோட்டம் ஓடிற்று. 1910-ஆம் ஆண்டு ஜான் டூயி என்னும் அமெரிக்க மெய்யியலார் ‘நாம் சிந்திக்கும் முறை’ என்னும் பொருளுடைய நூலை வெளியிட்டார். ஓர் இடர்ப்பாட்டை உணர்தல், அதன் இடத்தை வரையறுத்தல், தீர்வுக்குரிய வழிகளை எண்ணுதல், அவற்றின் விளைவுகளை ஆராய்தல், செய்து பார்த்து உறுதி செய்தல் என ஐந்து படிகளைச் சிந்தனைக்கு அவர் வகுத்தார். 1945-இல் ஜார்ஜ் போலியா என்னும் கணித அறிஞர் கணக்குத் தீர்க்கும் கலையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கணக்கைப் புரிந்துகொள்க, திட்டம் வகுக்க, அதனை நிறைவேற்றுக, பின்னோக்கிப் பார்க்க என்பன அவர் காட்டிய நான்கு படிகள். புடாபெஸ்டு நகரில் பிறந்த போலியா முதலில் சட்டம் படிக்கச் சென்றார், பின்னர் மொழியும் இலக்கியமும் கற்றார், மெய்யியலை நாடினார், இறுதியிலேயே கணிதத்தை அடைந்தார்.

இந்நூல்கள் எல்லாம் சிக்கலைத் தீர்க்கும் படிகளைக் கூறின. படியில் காலை வைப்பதற்கே துணிவு வேண்டும் என்பதை 1971-ஆம் ஆண்டில் தாமஸ் டிசுரிலா, மார்வின் கோல்டுபிரைடு என்னும் இரு உளநூலார் தனியே எடுத்துரைத்தனர். அவர்கள் வகுத்த ஐந்து படிகளில் முதற்படி சிக்கலைப் பற்றியதே அன்று. சிக்கலின் முன் நிற்பவனைப் பற்றியது. வாழ்க்கையில் இடர்கள் வருவது இயல்பு, அவற்றை எதிர்கொள்ள நம்மால் இயலும் என்னும் மனப்பாங்கே அது. அடித்தளம் அதுவாக, ஏனைய நான்கும் அதன்மேல் எழும் சுவர்கள் ஆகின்றன.

பாண்டுராவின் கண்டுபிடிப்பு

அந்த மனப்பாங்கிற்கு ஒரு பெயரும் ஓர் அளவும் தந்தவர் ஆல்பர்ட் பாண்டுரா ஆவார். கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் மண்டேர் என்னும் சிற்றூரில் 1925-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். பெற்றோர் போலந்திலிருந்தும் உக்ரேனிலிருந்தும் குடியேறியவர்கள். ஊர்ப்பள்ளியில் ஆசிரியர்களும் நூல்களும் மிகக் குறைவாகையால் மாணவர்கள் பெரும்பகுதியைத் தாமே கற்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தில் அவர் உளநூலை எடுத்ததும் ஒரு தற்செயலே. உடன் ஊர்தியில் வந்த மாணவர்கள் அதிகாலை வகுப்புக்குச் செல்வோர். அந்தக் காலைப் பொழுதை நிரப்புவதற்கு ஒரு பாடம் தேடியபோது அகப்பட்டது உளநூல். 1953-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியேற்ற அவர் 2021-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மறைந்தார்.

பாம்பைக் கண்டு அளவு கடந்து அஞ்சுவோரிடம் அவர் ஆய்வு நடத்தினார். கூண்டருகே செல்லுதல், தொடுதல், கையில் எடுத்தல் எனச் சிறு சிறு படிகளாக அவர்களைப் பழக்கினார். ஒவ்வொரு படிக்கும் முன்னர், ‘இதனைச் செய்ய உம்மால் முடியும் என்று எவ்வளவு உறுதியாக நம்புகிறீர்?’ என்று கேட்டுக் குறித்தார். அவர்கள் கூறிய உறுதியின் அளவும் பின்னர்ச் செய்துகாட்டிய செயலின் அளவும் நெருங்கப் பொருந்தின. இதிலிருந்து 1977-ஆம் ஆண்டில் அவர் ஒரு கொள்கையை வெளியிட்டார். குறித்த ஒரு செயலைச் செய்து முடிக்கத் தன்னால் ஆகும் என்று ஒருவன் கொள்ளும் நம்பிக்கையே அவன் அச்செயலைத் தொடங்குவானா, எவ்வளவு முயல்வான், தடை வந்தால் எவ்வளவு காலம் தாங்குவான் என்பவற்றை முடிவு செய்கிறது என்பதே அது. இதனைத் தன்திறன் நம்பிக்கை எனலாம். பொதுவாகத் தன்னைப் பெரிதாக எண்ணிக்கொள்ளும் செருக்கு வேறு, இது வேறு. மேடையில் அஞ்சாது பேசுபவன் கணக்குத் தாளைக் கண்டு நடுங்கலாம்.

இந்நம்பிக்கை நான்கு ஊற்றுகளிலிருந்து சுரக்கிறது என்றார் பாண்டுரா. தானே செய்து வெற்றி காணுதல் முதலாவது. நான்கனுள் வலியதும் அதுவே. தன்னை ஒத்த ஒருவன் செய்வதைக் காணுதல் இரண்டாவது. பிறர் ஊக்கமொழி மூன்றாவது. உடலும் உள்ளமும் அச்சத்தில் துடிக்கின்றனவா, அமைதியாக உள்ளனவா என்பது நான்காவது. தச்சன் மகனுக்குப் பட்டறையில் இந்நான்கும் ஒருங்கே கிடைத்தன என்பதை இப்போது எண்ணிப் பார்க்கலாம். உளி அவன் கையில் இருந்தது. அண்ணன் அருகில் இருந்தான். தந்தையின் சொல் இருந்தது. மரத்தின் மணம் அவனுக்குப் பழகியதாய் இருந்தது. புதிய தொழிலை நாடும் இன்றைய பிள்ளைக்கு இவற்றுள் ஒன்றேனும் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

பெண்கள் விலகி நின்றது ஏன்?

பாண்டுராவின் கொள்கையைத் தொழில் தேர்வுக்குக் கொண்டு வந்தோர் இரு பெண்மணிகள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நான்சி பெட்ஸ் என்பவரும் கெயில் ஹாக்கெட் என்பவரும் 1981-ஆம் ஆண்டில் தங்கள் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்க்கும் மாணவியர்க்கும் அவர்கள் இருபது தொழில்களின் பட்டியலைத் தந்தனர். பத்துத் தொழில்கள் வழக்கமாக ஆடவர் செய்பவை: பொறியியலார், வழக்குரைஞர், கணித அறிஞர் போல்வன. பத்து வழக்கமாக மகளிர் செய்பவை: தொடக்கப்பள்ளி ஆசிரியை, செயலாளர், சமூகப் பணியாளர் போல்வன. ஒவ்வொன்றிற்கும் உரிய கல்வியையும் கடமைகளையும் முடிக்க உம்மால் இயலுமா என்று வினவினர்.

ஆடவர் இரு பட்டியலிலும் ஏறத்தாழ ஒரே அளவு நம்பிக்கை காட்டினர். மகளிரோ தம் வழக்கமான தொழில்களில் மிக்க நம்பிக்கையும், ஆடவர் தொழில்களில் குறைந்த நம்பிக்கையும் காட்டினர். இதில் வியப்பென்ன என்று கேட்கலாம். வியப்பு இதுதான்: அவ்விரு சாராரும் ஆங்கிலத்திலும் கணக்கிலும் நுழைவுத் தேர்வில் பெற்ற மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. திறன் ஒன்றாகவே இருந்தது. திறனைப் பற்றிய எண்ணம் மட்டும் வேறாக இருந்தது. தம்மால் ஆகாது என்று எண்ணிய தொழிலை அவர்கள் கருதிப் பார்க்கவும் இல்லை.

1983-இல் அவர்களே கணக்கை மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்தனர். அன்றாட வாழ்வில் வரும் கணக்கு, ஏட்டுக் கணக்கு, கல்லூரிக் கணக்குப் பாடம் ஆகிய மூன்றிலும் எவ்வளவு நம்பிக்கை உண்டு என்று கேட்டறிந்தனர். அந்நம்பிக்கை மிகுந்தோரே அறிவியல் சார்ந்த துறைகளை மிகுதியாகத் தேர்ந்தனர். மாணவியரின் நம்பிக்கை மாணவரினும் குறைவாகவே இருந்தது. ஒரு கணக்கைத் தன்னால் தீர்க்க முடியுமா என்னும் ஐயம், பத்தாண்டு கழித்து ஒருத்தி எந்த அலுவலகத்தில் அமர்வாள் என்பதை முடிவு செய்யக்கூடும் என்று இதனால் விளங்கிற்று.

ஹெப்னரின் வினாத்தாள்

இவ்வாண்டுகளிலேயே பால் ஹெப்னர் என்பவர் சிக்கல் தீர்க்கும் திறனைப் பற்றிய நம்பிக்கையை நேரே அளக்க முற்பட்டார். அவரும் கிரிஸ் பீட்டர்சன் என்பவரும் 1982-ஆம் ஆண்டில் 35 கூற்றுகள் அடங்கிய வினாத்தாள் ஒன்றை வெளியிட்டனர். அது ஒருவன் சிக்கலை எவ்வளவு நன்றாகத் தீர்க்கிறான் என்று அளப்பதன்று. எவ்வளவு நன்றாகத் தீர்ப்பதாகத் தன்னைக் கருதுகிறான் என்றே அளப்பது. அதில் மூன்று பகுதிகள் வெளிப்பட்டன. சிக்கலைத் தீர்க்கும் நம்பிக்கை ஒன்று. சிக்கலை நோக்கிச் செல்கிறானா, ஒதுங்கிப் போகிறானா என்பது மற்றொன்று. சிக்கல் நடுவே தன் உணர்ச்சியையும் செயலையும் தன் வயத்தில் வைத்திருக்கிறானா என்பது மூன்றாவது.

1983-இல் கேரன் டெய்லர் என்பவரோடு சேர்ந்து பெட்ஸ் அம்மையார் 50 கூற்றுகள் கொண்ட மற்றொரு வினாத்தாளை வகுத்தார். தொழிலைத் தேரும் செயலில் ஒருவர்க்குள்ள நம்பிக்கையை அது அளந்தது. தன்னை மதிப்பிடுதல், தொழிற்செய்திகளைத் திரட்டுதல், இலக்கைத் தேர்தல், திட்டமிடுதல், சிக்கல் தீர்த்தல் என்பன அதன் ஐந்து பகுதிகள். முதல் மூன்றிலும் பார்சன்ஸின் குரல் கேட்கிறது. ஐந்தாவது பகுதி புதியது. தேர்ந்த துறை ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ள உன்னால் ஆகுமா, பெற்றோர் மறுத்தால் எடுத்துரைக்க ஆகுமா என்பன போன்ற இடர்களை எதிர்நோக்குவது அது.

லீசா லார்சன் என்பவரும் ஹெப்னரும் 1985-ஆம் ஆண்டில் இவ்விரண்டையும் இணைத்து ஆராய்ந்தனர். சிக்கல் தீர்ப்பதில் தம்மை வல்லவராகக் கருதிய மாணவர்கள், தொழில் முடிவிலும் தம் முடிவெடுக்கும் ஆற்றலிலும் கூடுதல் உறுதி உடையவராய் இருந்தனர். ஆனால், இரண்டும் ஒருங்கே காணப்படுதல் ஒன்று. ஒன்றால் மற்றொன்று விளைதல் வேறு. நம்பிக்கையால் முடிவு பிறந்ததா, முடிவு கண்டதனால் நம்பிக்கை பிறந்ததா என்று அவ்வகை ஆய்வைக் கொண்டு மட்டும் அறுதியிட இயலாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

தயங்குவோர் நான்கு வகையினர்

1988-ஆம் ஆண்டில் லார்சனும் ஹெப்னரும் வேறு இருவரும் வெளியிட்ட ஆய்வு நம் பெற்றோர் அனைவரும் அறியத்தக்கது. தொழிலை முடிவு செய்ய இயலாமல் தயங்கும் மாணவரை அவர்கள் ஆராய்ந்து நான்கு வகையாகப் பிரித்தனர். திட்டமின்றிச் சிக்கலை விட்டு ஒதுங்குவோர் ஒரு வகை. செய்திகள் எல்லாம் தெரிந்திருந்தும் முடிவு செய்யாதோர் இரண்டாம் வகை. நம்பிக்கை மிகுந்து செய்தி அறியாதோர் மூன்றாம் வகை. செய்தி அறியாமை ஒன்றே குறையாக உடையோர் நான்காம் வகை.

‘ஒன்றும் முடிவு செய்யாமல் திரிகிறான்’ என்று வீட்டில் ஒரே சொல்லால் நாம் ஏசும் பிள்ளை இந்நால்வருள் யார்? செய்தி அறியாதவனுக்குச் செய்தியைத் தந்தால் போதும். செய்தி அறிந்தும் தயங்குகிறவனுக்கு மேலும் கையேடுகளைக் கொடுப்பது நிறைந்த குடத்தில் நீர் ஊற்றுவதாகும். ஒதுங்கி ஓடுகிறவனுக்கு வேண்டுவது சிறு சிக்கலைத் தானே தீர்த்துப் பார்க்கும் வாய்ப்பு. மூன்றாம் வகையினனோ ஊக்கமொழி தேவைப்படாதவன். அவனுக்கு வேண்டுவது உண்மை நிலையின் அறிவு. நம்பிக்கை இருந்தால் எல்லாம் ஆகும் என்று முழங்கும் மேடைப் பேச்சுகளுக்கு இம்மூன்றாம் வகையினரே மறுமொழி. தன் வலியை மிகக் குறைத்து மதிப்பவனும் மிகக் கூட்டி மதிப்பவனும் ஒருங்கே தன் வலியை அறியாதவர்களே.

அடைத்த கதவும் திறந்த கதவும்

நம்பிக்கை ஒன்றால் கதவுகள் திறந்துவிடா. 1873-இல் பார்சன்ஸ் வேலை இழந்தது அவர் திறன் குறைந்ததனால் அன்று. நாட்டின் பொருள்நிலை சரிந்ததனால். 1994-ஆம் ஆண்டில் ராபர்ட் லென்ட், ஸ்டீவன் பிரவுன், கெயில் ஹாக்கெட் மூவரும் வகுத்த கொள்கை இதனை ஒப்புக்கொள்கிறது. ஒருவனுடைய தன்திறன் நம்பிக்கை, விளைவைப் பற்றிய எதிர்பார்ப்பு, இலக்கு ஆகிய மூன்றும் அவன் தொழிலைத் தீர்மானிக்கின்றன. ஆயினும், இனம், பால், குடும்பநிலை, ஊரில் உள்ள வாய்ப்பு ஆகியவை அவ்வழியில் துணையாகவோ தடையாகவோ நிற்கின்றன என்று அவர்கள் கூறினர். தடை இருவகையில் செயற்படுகிறது. வெளியே நின்று கதவை அடைப்பது ஒன்று. உள்ளே புகுந்து, ‘அக்கதவு உனக்கு உரியதன்று’ என்று கூறுவது மற்றொன்று. நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த கதவு திறந்த பின்னரும் பலர் அதனருகே செல்லாமைக்கு இவ்விரண்டாவதே காரணம்.

வாழ்க்கையில் தற்செயலுக்கும் பங்குண்டு. இதனைப் பாண்டுராவே 1982-இல் தனிக் கட்டுரையாக எழுதினார். 1999-ஆம் ஆண்டில் ஜான் கிரம்போல்ட்ஸும் அவர் துணைவரும் எழுதிய கட்டுரை, எதிர்பாராது வரும் வாய்ப்பைப் பயன்படுத்த ஆர்வம், விடாமுயற்சி, வளைந்து கொடுத்தல், நன்னம்பிக்கை, துணிவு ஆகிய ஐந்தும் வேண்டும் என்றது. தொழில்கள் விரைந்து மாறும் இந்நாளில் ஒரே ஒரு முறை தேர்ந்து ஓய்ந்துவிட இயலாது. தேர்ந்தது மாறும்போது மீண்டும் தேரும் ஆற்றலே நிலையான செல்வம்.

நாம் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றால் நாம் பெறும் பயன் சிலவே எனினும் அவை பெரியன. பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்க்கும் பெற்றோர், அம்மதிப்பெண்ணைப் பற்றிப் பிள்ளை என்ன கருதுகிறது என்பதையும் கேட்டறிய வேண்டும். நல்ல மதிப்பெண் பெற்ற மகள், ‘அது எனக்கு ஆகாது’ என்று ஒரு துறையை ஒதுக்கினால், அது விருப்பமின்மையா, அச்சமா என்று பிரித்தறிய வேண்டும். விருப்பமின்மையாயின் மதித்து விட்டுவிடுக. அச்சமாயின் அதனை ஆராய்க.

‘நீ கெட்டிக்காரன்’ என்று பன்முறை கூறுவது மூன்றாம் ஊற்று. அது விரைவில் வற்றும். வீட்டுக் கணக்கைப் பார்த்தல், பழுதான மிதிவண்டியைப் பிரித்துப் பூட்டுதல், அலுவலகம் ஒன்றுக்குத் தானே சென்று ஒரு காரியத்தை முடித்து வருதல் முதலியவற்றைப் பிள்ளையிடம் விடுவது முதல் ஊற்று, அது வற்றாது. பிள்ளை இடர்ப்படும்போது உடனே கையிலிருந்து பறித்து நாமே முடித்துக் கொடுப்பது அன்பாகத் தோன்றும். ஆனால், ‘உன்னால் ஆகாது’ என்பதையே அச்செயல் வாய்திறவாமல் கூறுகிறது.

ஆசிரியரும் சங்கங்களும் செய்யத்தக்கது இரண்டாம் ஊற்றைத் திறப்பது. புகழ்பெற்ற பேரறிஞரை மேடையேற்றுவதினும், அதே பள்ளியில் படித்து, அதே தெருவில் வளர்ந்து, ஐந்தாண்டு முன்னர் ஒரு துறையிற் சேர்ந்த இளைஞரை அழைத்து வந்து, அவர் எங்கே இடறினார், எவ்வாறு எழுந்தார் என்று பேசச் செய்தல் மிக்க பயன் தரும். பேரறிஞரைக் கண்டு வியக்கலாம். தன்னை ஒத்தவனைக் கண்டே ஒருவன் துணிவு கொள்கிறான்.

பழைய பட்டறையில் தொழிலும் துணிவும் ஒருங்கே கிடைத்தன. தேர்வு மட்டும் இல்லை. இன்று தேர்வு கிடைத்துள்ளது; துணிவைத் தரும் பட்டறைதான் இல்லை. பிள்ளைகள் சிறு சிறு சிக்கல்களைத் தாமே தீர்த்துத் தம் வலியை அறியும் இடமாக வீட்டையும் பள்ளியையும் ஆக்கினால் அக்குறை நீங்கும். அவ்வாறு வளர்ந்த பிள்ளை எத்தொழிலைத் தேர்ந்தாலும், அது அஞ்சி ஒதுங்கியதால் எஞ்சிய தொழிலாக இராது. ஆராய்ந்து கொண்ட தொழிலாக இருக்கும்.